நோயோடு வாழ்ந்த பெருமாட்டி

நம் பாடசாலைகளிற் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரின் சரித்திரத்தைப் படியாத மாணவர் அரியர். இருண்ட வைத்தியசாலை, வரிசை வரிசையாகக் காயமுற்ற போர்வீரர், நள்ளிரவிற் கையில் விளக்குடன் படுக்கைதோறும் சென்று நலம் வினாவும் ஒரு பெண்மணி. இவ்வோவியம் தலைமுறை தலைமுறையாகப் பாலர் உள்ளத்திற் பதிந்து வருகின்றது. சென்ற தவணையில் யான் இப்பாடத்தை நடத்தி முடித்தபோது மாணவி ஒருத்தி எழுந்து, யுத்தம் முடிந்து வீடு திரும்பிய பின்னர் அவ்வம்மையார் என்ன செய்தார் என்று வினவினாள். பாடநூலில் அதற்கு விடை இல்லை. அம்மையார் யுத்த வைத்தியசாலைகளிற் பணி புரிந்த காலம் இரண்டு ஆண்டுக்கும் குறைவு. அவர் வாழ்ந்ததோ தொண்ணூறு ஆண்டு. நாடு திரும்பிய பின் அவர் வாழ்ந்த 54 ஆண்டுகளின் கதையை அம்மாணவிக்குச் சொல்ல முற்பட்டதன் பயனே இக்கட்டுரை.

வள்ளுவனார் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்து, நோயுற்றவனை முதலிலும், வைத்தியனை இரண்டாவதும், மருந்தை மூன்றாவதும், அருகிருந்து பணிவிடை செய்யும் உழைச்செல்வானை நான்காவதும் வைத்தனர். உலகம் நைற்றிங்கேல் அம்மையாரை நான்காங் கூற்றுக்கு உரியவராகவே அறியும். ஆயின் வாழ்நாளிற் பெரும்பகுதியை அவர் முதற் கூற்றிலே, நோயாளியாகவே, கழித்தார். இரு நிலையையும் ஒருங்கே அறிந்தமை அவர் வாழ்வின் தனித்தன்மை. அவ்வறிவு அவருக்கு எளிதிற் கிட்டவுமில்லை, எப்பொழுதும் கைகொடுக்கவுமில்லை.

இளமையும் மனச்சோர்வும்

புளோரன்ஸ் 1820 ஆம் ஆண்டு மே மாதம் 12 ஆந் திகதி இத்தாலி தேசத்துப் புளோரன்ஸ் நகரிற் பிறந்தார். ஊரின் பெயரே பிள்ளையின் பெயராயிற்று. பெற்றோர் செல்வம் மிக்க ஆங்கிலேயர். தமக்கையார் பெயர் பார்த்தினோப்பி. தந்தையார் வில்லியம் தம் புதல்வியர் இருவர்க்கும் கிரேக்கம், இலத்தீன், சரித்திரம் முதலியவற்றைத் தாமே கற்பித்தார். இளையவருக்குக் கணிதத்திலும் பெருநாட்டம் இருந்தது. பதினாறு வயதில், இறைவன் தம்மைத் தொண்டுக்கு அழைப்பதாக அவர் உணர்ந்தார். நோயாளரைப் பேணுதலே அத்தொண்டு எனத் தெளிந்து கூறியபோது தாயாரும் தமக்கையாரும் திகைத்தனர். அக்காலத்து இங்கிலாந்திலே தாதித்தொழில் நற்குடிப் பெண்டிர்க்கு அடாத இழிதொழிலாகக் கருதப்பட்டது.

தடையுண்டு கிடந்த அவ்வாண்டுகளில் அவர் ஆழ்ந்த மனச்சோர்வில் அமிழ்ந்தார். உயிர்வாழ்க்கையே வேண்டாம் என்னும் எண்ணம் அவர் எழுதி வைத்த அந்தரங்கக் குறிப்புக்களிலே தோன்றுகின்றது. ஆகவே, உளநோய் போர்க்களம் அவருக்குத் தந்த புதுமையன்று. உடல் நலமாயிருந்த இளமையிலேயே அதன் நிழல் விழுந்துவிட்டது. 1851 இல் ஜேர்மனி தேசத்துக் கைசர்ஸ்வேர்த் என்னும் ஊரிலே மூன்று மாதம் தாதிப் பயிற்சி பெற்றார். 1853 இல் இலண்டன் நகரில், நோயுற்ற பெண்களுக்கென அமைந்த சிறு நிலையமொன்றின் மேற்பார்வையாளரானார். செயல் கிடைத்ததும் சோர்வு தணிந்தது.

போர்க்களத்து வைத்தியசாலை

1854 இல் இங்கிலாந்தும் பிரான்சும் துருக்கிக்குத் துணையாக உருசியாவை எதிர்த்துக் கிரைமியாவிற் போர் தொடுத்தன. காயமுற்ற வீரர் கவனிப்பாரின்றி மாளும் செய்தி பத்திரிகைகளில் வெளிவர, நாடு கொதித்தது. யுத்தச் செயலாளரும் அம்மையாரின் நண்பருமான சிட்னி ஹேர்பேட் அவரை அனுப்பத் துணிந்தார். 38 பெண்களுடன் புறப்பட்ட அம்மையார் 1854 நவம்பர் 4 ஆந் திகதி, கொன்ஸ்தாந்திநோப்பிளுக்கு எதிர்க்கரையிலுள்ள ஸ்கூற்றாரியை அடைந்தார்.

அங்கே படைவீடு ஒன்று வைத்தியசாலையாக மாற்றப்பட்டிருந்தது. அதன் அடியில் அடைபட்ட கழிவுநீர்க் கால்வாய்கள் நாறிக் கிடந்தன. துணி, உணவு, மருந்து யாவற்றிலும் பஞ்சம். அம்மையார் சமையலறை அமைத்தார், துணி வெளுப்பித்தார், இரவில் விளக்கேந்தி உலாவினார். ஆயினும் சாவு குறையவில்லை. 1855 பெப்ரவரியில் அங்கு அனுமதிக்கப்பட்டோருள் நூற்றுக்கு 42 பேர்க்கு மேல் மாண்டதாக அறிக்கைகள் காட்டின. மார்ச்சு மாதத்திற் சுகாதார ஆணைக்குழு ஒன்று வந்து, கால்வாய்களைக் கழுவி, குப்பைகளை அகற்றி, சுவர்களுக்கு வெள்ளை பூசுவித்த பின்னரே மரணம் சரசரவென்று இறங்கிற்று. விளக்கின் புகழைப் பாடுவோர் இக்கால்வாய்களை மறந்துவிடுவர். அம்மையார் மறக்கவில்லை என்பதைப் பின்னர்க் காண்பாம்.

காய்ச்சல்

1855 மே மாதத்தில் அம்மையார் கிரைமியாவிலுள்ள வைத்தியசாலைகளைப் பார்வையிடுமாறு பலக்கிளாவாவுக்குக் கடல் கடந்து சென்றார். அங்கே கடுங்காய்ச்சல் அவரைப் பற்றியது. கிரைமியக் காய்ச்சல் என்று வீரர் அதனை வழங்கினர். தலைமயிர் கத்தரிக்கப்பட்டது. உயிர் பிழைப்பதே அரிதென்ற நிலையிற் பல நாள் கிடந்தார். பின்பு எழுந்து, ஊர் திரும்ப மறுத்து, யுத்தம் முடியும் வரை பணி செய்தார். ஆனால் உடல் பழைய நிலைக்கு மீளவேயில்லை.

1856 ஆகஸ்ற்றில், வரவேற்பு ஆரவாரங்களை வெறுத்து, வேற்றுப் பெயருடன் பயணஞ் செய்து அவர் தாயகம் சேர்ந்தார். போரில் மாண்ட வீரர் நினைவு அவரை உறங்கவிடவில்லை. விக்ரோறியா மகாராணியாரைக் கண்டு பேசி, படைவீரர் சுகாதாரத்தை ஆராய ஓர் அரச ஆணைக்குழுவை அமைக்கச் செய்தார். அது 1857 இல் அமைந்தது. வில்லியம் பார் என்னும் புள்ளிவிபர அறிஞருடன் அமர்ந்து மரணக் கணக்குகளை வகைப்படுத்தியபோது, பகைவர் குண்டினும் தொற்றுநோயே வீரர் பெரும்பாலாரைக் கொன்றது என்பதும், தாம் பொறுப்பேற்ற ஸ்கூற்றாரி வைத்தியசாலையின் சீர்கேடே பலர்க்குக் கூற்றுவனாயிற்று என்பதும் அவர்க்குத் தெளிவாயின. தம் கைப்பட அவ்வுண்மையை வரைபடமாக்கி உலகுக்குக் காட்டினார். இவ்வுண்மை தந்த மனவேதனை உடல் நோயோடு கூடியதென்று எழுதுவாருமுளர்.

1857 ஆகஸ்ற்றில் அவர் முற்றாகத் தளர்ந்து வீழ்ந்தார். அப்போது வயது 37. உணவைக் கண்டாற் குமட்டல், நெஞ்சுப் படபடப்பு, மூச்சுத் திணறல், உறக்கமின்மை, அடிக்கடி திரும்பும் காய்ச்சல், அசைய முடியாத அயர்வு. சாவு அணித்தென்றே அவரும் பிறரும் நம்பினர். தமக்குப் பின் செய்யவேண்டியவற்றை எழுதியும் வைத்தார். அச்சாவு வருவதற்கு இன்னும் 53 ஆண்டு இருந்தது என்பதை எவர் அறிவார்!

படுக்கையே அலுவலகம்

விடியுந்தோறும் சாவை எதிர்நோக்கி, அதேவேளை முடிக்கவேண்டிய வேலையையும் எதிர்நோக்கி வாழ்தல் எவ்வாறு? அம்மையார் தம் வலிமையைக் கஞ்சன் காசை எண்ணுவது போல எண்ணிச் செலவிடக் கற்றார். ஒரு நேரத்தில் ஒருவரையே சந்திப்பார். அதுவும் முன்னரே குறித்த நேரத்தில். மந்திரிமாரும் இந்தியாவுக்குச் செல்லும் பெரும் பதவியாளரும் கீழறையிற் காத்திருந்து மாடி ஏறினர். தாயும் தமக்கையுங்கூட நினைத்தபடி நுழைய முடியவில்லை. பேசுவதினும் எழுதுவது இளைப்புக் குறைவாகையால் எல்லாவற்றையும் எழுத்தில் ஆக்கினார். அவர் கடிதங்களுள் இன்று எஞ்சியவை மட்டுமே பதினாயிரத்துக்கு மேற்பட்டவை. வெளியே சென்று அலைய வேண்டியவற்றை வைத்தியர் சதலாந்தும், உறவினரை மணந்த கவிஞர் ஆதர் கிளப்பும் மேற்கொண்டனர்.

1859, 1860 ஆம் ஆண்டுகளை ஒட்டி வைத்தியசாலை அமைப்புப் பற்றிய நூலும், தாதித்தொழில் பற்றிய சிறு நூலும் வெளிவந்தன. 1860 இல் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் அவர் பெயரால் தாதிப் பயிற்சிப் பாடசாலை தொடங்கியது. இவையெல்லாம் படுக்கையிலிருந்து பிறந்தவை.

தாதிமைச் சிறுநூலைக் கூர்ந்து படிப்போர் அதனைத் தாதி ஒருத்தி மட்டும் எழுதவில்லை என்பதைக் காண்பர். அறைக்கு வெளியே நின்று தாழ்ந்த குரலில் நோயாளியைப் பற்றிப் பேசுவோரால் விளையும் துன்பம், ஒரே சுவரையே பார்த்துக் கிடப்பதன் கொடுமை, ஒரு பூவின் நிறம் தரும் ஆறுதல், நெடுநோயாளருக்குச் சிறு வளர்ப்புப் பிராணி ஆகும் துணை என்பன அங்கே பேசப்படுகின்றன. எல்லாம் சரியாகிவிடும் என்று ஆராயாது ஆறுதல் கூறுவோரையும், கேளாமலே வைத்தியம் சொல்லும் நண்பரையும் அந்நூல் கடுமையாகக் கண்டிக்கின்றது. நோயாளியாய்க் கிடந்தவரே இவற்றை இவ்வளவு நுட்பமாக எழுத இயலும். அவரும் தம் அறையிற் பூனைகளை வளர்த்தார்.

நம்பாமையும் நம்பப்படாமையும்

நோயினும் கொடியது நம்பப்படாமை. வைத்தியர் சிலர் இருதயக் கோளாறு என்றனர். சிலர் நரம்புத் தளர்ச்சி என்றனர். எந்த ஒரு பெயரும் எல்லா அறிகுறிகளையும் அடக்கவில்லை. இத்தனை நூல் எழுதுபவர் எங்ஙனம் நோயாளியாவார் என ஐயுற்றாரும் உண்டு. அவர் மறைந்த பின்னும் அவ்வையம் ஓயவில்லை. விருந்தினரைத் தவிர்த்து வேலை செய்வதற்கு அவர் மேற்கொண்ட தந்திரமே நோய் என்று எழுதிய சரித்திர ஆசிரியரும் உளர். ஒரு நாள் எழுதுவதற்குப் பின் எத்தனை நாள் வீழ்ந்து கிடந்தார் என்பதை அவர்கள் எண்ணினாரல்லர்.

ஆயினும் இவ்விடத்திலே வரலாற்றை ஒளியாது கூறல் வேண்டும். நம்பப்படாத துன்பத்தை அறிந்த அம்மையார், பிறர் துன்பத்தை எப்பொழுதும் நம்பினாரல்லர். சிட்னி ஹேர்பேட் அவருடன் தோளோடு தோள் நின்று படைச் சீர்திருத்தத்துக்கு உழைத்தவர். 1860 இன் இறுதியில் அவருக்குச் சிறுநீரக நோய் என வைத்தியர் கண்டனர். அவர் தளர்ந்து, தொடங்கிய பணியைத் தொடர இயலாது என்றபோது, அம்மையார் அதனை மனத்தளர்ச்சியாகவே கொண்டு கடிந்தார். தாமும் படுக்கையிற் கிடந்து உழைக்கவில்லையா என்று எண்ணினார் போலும். 1861 ஆகஸ்ற்று 2 ஆந் திகதி ஹேர்பேட் காலமானார், வயது 50. தம்மைப் பேணித் தம்முடன் தங்கியிருந்த மாமி முறையினரான மாய் அம்மையார் 1860 இல் தம் குடும்பத்திடம் திரும்பியபோதும், புளோரன்ஸ் அதனைக் கைவிடலாகக் கருதி நெடுங்காலம் மன்னிக்கவில்லை. வலி ஒருவரைப் பிறர் வலிக்கு இரங்க வைக்கும் என்பர். அது சிலவேளை பிறர் வலியைக் காணாதபடி கண்ணை மறைத்தலும் செய்யும்.

அவ்வாண்டே நவம்பரிற் கிளப்பும் மறைந்தார். அதுவும் அம்மையார் பிறந்த புளோரன்ஸ் நகரிலே. இரு துயரும் ஒன்றன்மேலொன்றாக விழ, 1861 டிசம்பரில் நோய் முன்னிலும் கொடிதாக எழுந்தது. முதுகென்பிலே தாங்கொணா வலி. சில ஆண்டுக்காலம் நடக்கவியலாது, அறைக்கு அறை தூக்கிச் செல்லப்பட்டார். அந்நாளிற் புதிதாக வழக்கில் வந்த முறைப்படி அபினித் திரவத்தைத் தோலின் கீழே ஊசியாற் செலுத்தினர். ஒரு நாளளவு வலி தணிந்தது. ஆனால் அறிவின் கூர்மையும் உடன் மழுங்குவதை அவர் உணர்ந்தார். வலியும் தெளிவும், மயக்கமும் ஆறுதலும் என்னும் இருகூற்றிடை அவர் நாள்தோறும் தேர்ந்தெடுக்கவேண்டியிருந்தது.

சென்னை மாகாணப் பஞ்சம்

நடக்கவியலாத அக்காலத்திலேதான் அவர் கருத்து நெடுந்தூரம் சென்றது. இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையின் சுகாதாரத்தை ஆராயும் ஆணைக்குழுவுக்காக ஒவ்வொரு படைத்தளத்துக்கும் வினாப்பத்திரம் அனுப்புவித்தார். வந்த விடைகளைப் படுக்கையிற் குவித்து வைத்து ஆராய்ந்தார். 1863 இல் வெளியான அறிக்கை இரண்டாயிரம் பக்கத்துக்கு மேற்பட்டது. ஆயிரம் வீரருள் ஆண்டுக்கு 69 பேர் மாள்வதாக அது காட்டிற்று. பத்தாண்டு கழித்து அத்தொகை 18 ஆகக் குறைந்தது.

படையிற் தொடங்கிய கவலை குடிமக்கள்பாற் பரந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. தமிழகத்து ஊர்கள் பல பாழாயின. பிழைப்புத் தேடி இலங்கைத் தோட்டங்களுக்குக் கடல் கடந்தோரும் அப்பஞ்சத்தால் துரத்தப்பட்டவர்களே. அக்காலத்தில் அம்மையார் நீர்ப்பாசனமே பஞ்சத்துக்கு மருந்து எனப் பத்திரிகைகளில் எழுதினார். ஆதர் கொற்றன் என்னும் நீர்ப்பாசன வல்லுநரின் கருத்தை ஆதரித்தார். கடன் சுமையால் உழவர் அழிவதையும் எடுத்துக்காட்டினார். இந்திய மண்ணை அவர் ஒருநாளும் மிதித்ததில்லை.

ஆனால் அவர் சொல்லைக் கேட்கும் மந்திரிமார் அந்நாளில் அருகிவிட்டனர். தம் வாழ்வு தோல்வியுற்றதென்று அவர் நம்பினார். இரவில் உறக்கமின்றித் துண்டுக் கடிதங்களிலே தம்மைத் தாமே குற்றஞ் சாட்டி எழுதிக்கொண்டார். உலகம் வணங்கிய ஒருவர் தம்மைப் பயனற்றவர் என எண்ணியிருந்தார் என்பதை நினைக்குந்தோறும், மனச்சோர்வு என்பது புகழாலும் சான்றாலும் தெளிவிக்கத்தக்கதன்று என்று உணர்கின்றோம்.

முதுமையும் இரக்கமும்

1880 இல் தாயார் மறைந்தார். அதனை ஒட்டிய ஆண்டுகளில் நோயின் கொடுமை மெல்லத் தணியலாயிற்று. எதனாலென்று வைத்தியர் எவரும் கூறவில்லை. வலி தணியவே அம்மையாரின் கடுமையும் தணிந்தது. தம் பெயராலமைந்த பாடசாலையின் இளந்தாதியரை வீட்டுக்கு அழைத்துத் தாய் போற் பேசினார். ஒருகாலத்தில் அவர் முயற்சிக்கெல்லாம் இடையூறாயிருந்த பார்த்தினோப்பி இப்போது மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்தார். தங்கையார் தமக்கையாரிடம் சென்று தங்கி அவரைப் பேணினார். உழைச்செல்வார் நோயாளியாகி, நோயாளி மீண்டும் உழைச்செல்வாரானார். பார்த்தினோப்பி இறந்த நாள் 1890 மே 12. அது தங்கையாரின் பிறந்தநாள்.

நூற்றாண்டு திரும்பும்போது அம்மையாரின் கண்ணொளி மங்கிற்று, நினைவும் தளர்ந்தது. 1907 இல், பெண்டிருள் எவரும் அதுகாறும் பெறாத உயர் விருது ஒன்றை மன்னர் வழங்கினார். 1910 ஆகஸ்ற்று 13 ஆந் திகதி உறக்கத்தில் உயிர் பிரிந்தது. பெருமக்களை அடக்கஞ் செய்யும் வெஸ்மினிஸ்ரர் ஆலயத்தில் இடமளிக்க முன்வந்தபோதும், அவர் விருப்பப்படி உறவினர் மறுத்து, ஹம்ப்சயரில் ஒரு சிற்றூர்க் கோயில் வளவிலே அடக்கஞ் செய்தனர். கல்லில் அவர் பெயரின் முதலெழுத்து இரண்டும், பிறப்பு இறப்புக் குறிப்பும் மாத்திரமே உள.

பெயர் காணா நோய்

அம்மையாரைப் பற்றிய நோய் யாது? 1887 இல் டேவிட் புறூஸ் என்னும் படை வைத்தியர் மால்ற்றாத் தீவில் ஒருவகைக் காய்ச்சற் கிருமியைக் கண்டதாக வெளியிட்டார். ஆட்டுப்பால் வழியாக அது பரவுதல் 1905 இல் தெரியவந்தது. அந்நோய் நாட்பட்டால் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், முதுகென்பு வலி, அயர்வு, மனச்சோர்வு ஆகிய யாவும் கூடும். அம்மையாருக்கு உற்றது அதுவே ஆகலாம் என்று 1995 இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் ஆராய்ச்சியாளர் ஒருவர் எழுதினார். வேறு பெயர் கூறுவோரும் உளர். ஆக, அவர் தளர்ந்து வீழ்ந்த நாளில் அவர் நோய்க்கு ஒருவேளை பெயரே பிறந்திருக்கவில்லை. பெயர் இல்லாமையால் வலி பொய்யாகிவிடவில்லை.

இன்றும் உடலின் காவற்சக்தி தன் உடலையே பகையென மயங்கித் தாக்கும் நோய்கள் பல. மூட்டு, தோல், குருதி, நரம்பு எனப் பலவிடத்தும் அறிகுறி காட்டி, ஒன்றோடொன்று மயங்கி, இரத்தப் பரிசோதனைக்கும் எளிதில் அகப்படாது ஆண்டுக்கணக்கில் அலைக்கழிப்பனவும் அவற்றுள் உள. மே 12 ஆந் திகதியைத் தாதியர் தினமாக உலகம் கொண்டாடுகின்றது. அதே நாளைத் தீரா அயர்வும் உடல்வலியும் உடையோரை நினைவுகூரும் நாளாகவும் 1990 களின் தொடக்கம் முதல் அந்நோயாளரே தேர்ந்துகொண்டனர். நான்காங் கூற்றுக்கும் முதற் கூற்றுக்கும் ஒரே நாள் அமைந்தது பொருத்தமே.

இக்கதை முழுவதையும் யான் கூறி முடித்தபோது அம்மாணவி ஒன்றும் பேசவில்லை. வகுப்புக் கலைந்த பின் அருகில் வந்து, தன் தாயார் ஆறு ஆண்டாக மூட்டு வலியாலும் அயர்வாலும் கிடப்பதையும், வைத்தியர்தோறும் வேறு வேறு பெயர் கூறுவதையும், உறவினர் அதனைச் சோம்பல் என்று ஏசுவதையும் சொன்னாள். தானும் சிலநாள் அவ்வாறு எண்ணியதுண்டு என்று கூறித் தலைகுனிந்தாள். அவளுக்குக் கூற என்னிடம் மருந்து இல்லை. அம்மா எழுந்திருக்கக்கூடிய வேளை எது, எவ்வளவு நேரம் என்பதை அவரிடமே கேட்டறிந்து, வீட்டு வேலையை அதற்கேற்பப் பகிர்ந்துகொள்ளுமாறு மாத்திரம் சொன்னேன். வரும் ஆண்டில் இப்பாடத்தை விளக்கோடு நிறுத்துவதில்லை என்று துணிந்துள்ளேன்.